செக்கிங் கூலி

தொண்ணூறுகளில் மங்கலம் சாலையில் நான் பனியன் கம்பெனி தொடங்கிய புதிது. பக்கத்துப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பு டீச்சர் ஒருநாள் பிள்ளைகளோடு வந்தார். ஒல்லியான உருவம், கனத்த கண்ணாடி. எதைக் கையில் கொடுத்தாலும் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். காபி குடித்த டம்ளரைக்கூட விடவில்லை.

“பனியனுக்கு அடக்க விலை போடப் பழக்கறேனுங்க” என்றார்.

பிள்ளைகள் துணி விலையோடு ஒவ்வொரு ஆளின் கூலியையும் கேட்டுக் கூட்டினார்கள். நான் போட்டிருந்த அடக்க விலையைவிடக் கூடுதலாக வந்தது.

“தப்பாப் போட்டுட்டாங்க டீச்சர்.”

“இல்லீங்க. பிசிறு வெட்டி, தையல் சரிபார்த்து செக்கிங் பண்ற அம்மாவுக்கும் கூலி சேர்த்திருக்காங்க.”

“அது எங்க ஊட்டுக்காரிங்க. அவளுக்கு எதுக்குங்க கூலி?”

டீச்சர் பனியனைத் திருப்பி உள்தையலைப் பார்த்தபடியே கேட்டார்: “ஊட்டுக்காரி செக்கிங் பண்றாங்கன்னு சொல்லித்தான் சரக்கு வாங்கறவங்களுக்கு விலையக் கொறைக்கறீங்களா?”

பிசிறு வெட்டிக்கொண்டிருந்த என் மனைவி நிமிரவில்லை, சிரித்துக்கொண்டாள்.

அடுத்த ஆர்டருக்கு அந்தக் கூலியையும் சேர்த்தே விலை சொன்னேன். வாங்குகிறவர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்.

அதைச் சேர்த்தது பிள்ளைகளா, டீச்சரா என்று கேட்க நினைத்திருந்தேன். அதற்குள் அவர் மாற்றலாகிப் போய்விட்டார். இன்றைக்கும் சனிக்கிழமை கூலி போடும்போது வரிசையில் முதல் ஆளாக என் மனைவிதான் நிற்கிறாள்.