ஜெஞ்சாரோம் சாலையில் நான் எடுத்த வீடியோ

கிள்ளானுக்கு வேட்டி விற்கப் போன இடத்தில், என் கண்ணெதிரே ஒரு பெண் நிருபரை அடித்தார்கள். பட்டப்பகலில், நடுரோட்டில்.

ஈரோட்டிலிருந்து வருடா வருடம் தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பு மலேசியா போவேன். தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் அறை எடுங்கள்; ரயில் பக்கத்திலேயே, கிள்ளானுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கே மாணிக்கம் என்பவரின் துணிக்கடைதான் என் பெரிய வாடிக்கை. இம்முறை ஆயிரம் வேட்டிக்கு வாய்வார்த்தை கொடுத்தார். கடைப் பெயர் போட்ட பையில் முறுக்கும் தந்தார்.

மறுநாள் ஜெஞ்சாரோமில் இன்னொரு கடைக்குச் சாம்பிள் காட்ட வேண்டியிருந்தது. பஸ்ஸை நம்பாதீர்கள், அரைநாளுக்குக் கார் பேசுங்கள். எனக்கு நூற்றைம்பது ரிங்கிட். ஓட்டி வந்தவர் புனிதா. வண்டி பிழைப்புக்கு, மற்ற நேரம் ஒரு தமிழ்ச் செய்தித் தளத்துக்கு எழுதுகிறார்.

திரும்பும் வழியில், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் கரும்புகை. பிளாஸ்டிக் கழிவைத் திருட்டுத்தனமாக எரிக்கிறார்களாம். "அஞ்சு நிமிஷம், அண்ணே" என்று இறங்கிப் படமெடுத்தார். நான் காருக்குள்ளிருந்து இந்த வலைப்பூவுக்காகச் செம்பனையை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று பேர் வந்தார்கள். ஒரு கேள்வி இல்லை. ஒருவன் அவர் போனைப் பிடுங்கித் தரையில் அடித்தான். ஒருவன் அறைந்தான். விழுந்து கிடந்தவரிடம் மூன்றாமவன் குனிந்து, தமிழில், மரியாதையாகவே சொன்னான்:

"அக்கா, பையன் எந்த ஸ்கூல்னு எங்களுக்குத் தெரியும்லா. பார்த்து எழுதுங்க."

பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்ததால் விலகினார்கள். விலகும்போது காருக்குள் பார்த்தார்கள்: என் கையில் இன்னும் வீடியோ ஓடிக்கொண்டிருந்த போன், மடியில் மாணிக்கத்தின் கடைப்பை.

நான் யாரென்று கண்டுபிடிக்க அந்தப் பையிலிருந்த கடைப் பெயர் போதுமாக இருந்தது. புகார் கொடுக்கப் புறப்பட்டோம்; போலீஸ் நிலையத்தை எட்டுமுன் மாணிக்கம் போனில் கூப்பிட்டார். எரிக்கிற இடத்து முதலாளி அவருக்கும் வாடிக்கையாம். "காவ்திம் பண்ணிடலாம், பாஸ்" என்றார். எதையும் பேசி முடித்துவிட அங்கே அதுதான் சொல். புனிதாவுக்குப் புதுப் போன், எனக்கு ஆர்டர் இரண்டு மடங்கு. வீடியோவை அழிக்க வேண்டும், புகார் கூடாது.

நான் வியாபாரி. ஒரு நிமிடம் மனசு கணக்குப் போட்டது. பேரத்தை அப்படியே புனிதாவிடம் சொன்னேன். உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"போன் நான் வாங்கிக்குவேன், அண்ணே. நாளைக்கு இன்னொருத்தர் எழுதப் பயப்படுவாங்களே, அதுக்கு என்ன ரேட்? நீங்கதான் வியாபாரியாச்சே, சொல்லுங்க."

உடைந்த போனில் இருந்தது போய்விட்டது. மிச்சம் என் வீடியோ மட்டும். அதை அவருடைய செய்தித் தள ஆசிரியருக்கு அங்கேயே அனுப்பினேன். நிலையத்தில் என் பாஸ்போர்ட்டைக் கொடுத்துச் சாட்சி சொன்னேன். புகாரை எழுதிய போலீஸ்காரர் புனிதாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: அங்கே ஏன் போனாய்?

செய்தி மறுநாள் காலையிலேயே வந்துவிட்டது. புனிதா பையனைக் கம்போங் மேடானில் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மறுபடி வண்டி எடுத்தார்.

வியாபாரத்துக்குப் போகிறவர்களுக்கு: வாடிக்கையாளர் பையோடு ஊர் சுற்றாதீர்கள். இப்படி எதையாவது படமெடுத்தால் உடனே வேறொருவருக்கு அனுப்பிவிடுங்கள்; அப்புறம் உங்களிடம் யாரும் பேரம் பேச முடியாது.

மாணிக்கம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் பண்டிகைக்கு அவருக்குச் சரக்கு வேண்டுமே. முடிவானது இதுதான்: ஆயிரம் வேட்டி இல்லை, ஐந்நூறு. கடன் கிடையாது, சரக்கு ஏற்றுமுன் முழுப் பணம். வீடியோ அந்தப் பேச்சில் இல்லை.