நீலப் புள்ளியை நம்பாதீங்க காக்

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது இது. அக்காவும் அத்தானும் நானும் ரவாங்கிலிருந்து கோல சிலாங்கூருக்குக் காரில் கிளம்பினோம். அத்தானின் தங்கை அங்கே புது வீடு வாங்கியிருந்தார். பால் காய்ச்சும் நாள். அக்கா மடியில் ஒரு தூக்கு நிறைய கேசரி, கார் முழுக்க நெய் வாசம்.

பெஸ்தாரி ஜெயாவைத் தாண்டியதும் சாலை வேலை. மணல் லோரிகள் அசையாமல் வரிசையாக நின்றன. என் கைப்பேசி வரைபடம் இடப்பக்கம் ஒரு குறுக்கு வழி இருப்பதாகக் காட்டியது. "போய்த்தான் பாப்போம் லா" என்று அத்தான் காரைத் திருப்பினார். கொஞ்ச தூரத்தில் தார் முடிந்து செம்மண் வந்தது. அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. நாங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி ஒருமுறை ஆற்றுக்குள் போனது, அடுத்த நிமிடம் நாங்கள் விட்டு வந்த பெரிய சாலையில் போய் நின்றது. "ஒன் போன் நீச்சல் அடிக்குது பாரு" என்று அக்கா கிண்டல் செய்தார். நானும் சிரித்தேன்.

ஓரிடத்தில் காய்ந்த பனை மட்டை ஒன்று வழியை மறித்துக் கிடந்தது. அத்தான் இறங்கிப் போய் அதைப் பிடித்து இழுத்தார். அதன் அடியில் குளவிக் கூடு இருந்திருக்கிறது. அவர் கையை வீசிக்கொண்டு ஓடி வந்ததையும், கதவைச் சாத்தியதையும், கார் தாறுமாறாகப் பின்னால் போனதையும்தான் நான் பார்த்தேன். கூட்டை விட்டு நல்ல தூரம் வந்ததும் காரை நிறுத்தினார்.

முதலில் வலி என்றுதான் முனகினார். சற்று நேரத்தில் கழுத்து திட்டுத் திட்டாகச் சிவந்தது. உதடு வீங்கியது. "தொண்ட அடைக்குது" என்றார். குரல் அவருடையது போலவே இல்லை. அக்காவின் கைப்பேசியில் லைன் கிடையாது. என்னுடையதில் மெல்லிய லைன் இருந்தது, ஆனால் பேட்டரி சிவப்புக்கு வந்திருந்தது. அவசர எண்ணை அழைத்தேன். ஆம்புலன்ஸ் பிரிவுக்கு இணைத்துவிட்டார்கள்.

எடுத்தவர் ஒரு மலாய்ப் பெண். குரலை வைத்து வயதைச் சொல்ல முடியவில்லை. நான் அழுதுகொண்டே எனக்குத் தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் குறுக்கிடவில்லை. நான் நிறுத்தியதும், "காக், அவர் பேசுறாரா?" என்று மட்டும் கேட்டார். மலாயில் 'அக்கா' என்று மரியாதையாகக் கூப்பிடும் சொல் அது; என்னைத்தான் அப்படி அழைத்தார். பேசுகிறார் என்றேன். நடக்க விட வேண்டாம், மூச்சு விடக் கஷ்டமாக இருந்தால் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்ளட்டும் என்றார். அக்கா உடனே இருக்கையைச் சாய்த்தார்.

அடுத்து இடம் கேட்டார். வரைபடத்தைப் பார்த்துப் பெரிய சாலையின் பெயரைச் சொன்னேன்.

"அந்தப் புள்ளியச் சுத்தி வெளிர் நீலத்துல ஒரு பெரிய வட்டம் தெரியுதா?"

தெரிந்தது. திரையில் பாதியை அதுவே அடைத்துக்கொண்டிருந்தது.

"அப்ப அந்தப் புள்ளிய நம்பாதீங்க காக். நீங்க அந்த வட்டத்துக்குள்ள எங்கயோ இருக்கீங்கன்னுதான் அதுக்கு அர்த்தம். ஒன்னும் பயமில்ல, வட்டத்தச் சின்னதாக்கலாம்."

காரை நானே ஓட்டிக்கொண்டு வெளியே வந்துவிடட்டுமா என்று கேட்டேன். என்னிடம் லைசன்ஸ் இருந்தது. வெளியே போகும் வழி தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அப்படியானால் நகர வேண்டாம், நீங்கள் நகர்ந்தால் நான் உங்களைத் தொலைத்துவிடுவேன் என்றார். எங்களைத் தேடுகிற ஒருவர் இருக்கிறார் என்பது அப்போதுதான் மனதில் பதிந்தது.

பிறகு அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகச் செய்தேன். கைப்பேசியை ஒலிபெருக்கியில் போடச் சொன்னார். பேட்டரியை மிச்சப்படுத்தும் வசதி போட்டிருக்கிறேனா என்று கேட்டார். போட்டிருந்தேன். "அத நிறுத்துங்க. அது ஜிபிஎஸ்ஸ சரியா வேலை செய்ய விடாது. பேட்டரி போனாலும் பரவால்ல, அதுக்குள்ள நாம முடிச்சிடலாம்." அதன் பிறகு வரைபடச் செயலிக்கான அமைப்புகளைத் திறக்க வைத்தார். அங்கே துல்லியமான இருப்பிடம் என்று ஒரு பொத்தான் அணைந்து கிடந்தது. எப்போது அணைத்தேன் என்று எனக்கே நினைவில்லை. அதைப் போட்டதும் வட்டம் சுருங்கியது, ஆனால் போதவில்லை. மற்ற நேரமாக இருந்தால் விமானப் பயன்முறையைப் போட்டு எடுக்கச் சொல்லியிருப்பேன், இப்போது செய்தால் நம் பேச்சு அறுந்துவிடும், அதனால் வேண்டாம் என்றார். நான் கேட்காமலேயே காரணத்தையும் சொன்னார். அதனால்தானோ என்னவோ, அவர் சொன்ன எதையும் செய்ய எனக்குத் தயக்கமே வரவில்லை.

"மேல பாருங்க காக். வானம் தெரியுதா?"

நிமிர்ந்து பார்த்தேன். மட்டைதான் தெரிந்தது. வானம் தெரியும் இடத்துக்குப் போகச் சொன்னார். ஆனால் குளவி இருக்கும் பக்கம் போகக் கூடாது என்று அவரே எச்சரித்தார். வந்த வழியே திரும்பி ஓடினேன். ஒரு வாய்க்கால் ஓரத்தில் மரங்கள் விலகி வெயில் விழுந்தது. அங்கே நின்று கைப்பேசியை உள்ளங்கையில் நீட்டிப் பிடித்தேன். அசையாமல் காத்திருக்கச் சொன்னார். அந்தக் காத்திருப்புதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. தூரத்தில் அக்கா, "என்னங்க, என்னப் பாருங்க, கண்ண மூடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தது கேட்டது.

வட்டம் மெல்ல மெல்லச் சுருங்கிப் புள்ளிக்குள் அடங்கியது. அதே நேரத்தில் வரைபடம் வெள்ளையாகிவிட்டது. இணையம் போய்விட்டது. "ஒன்னுமே தெரியல, எல்லாம் வெள்ளையா இருக்கு" என்று கத்திவிட்டேன்.

"பரவால்ல காக். மேப் என்கிட்ட இருக்கு. எனக்கு நம்பர் மட்டும் போதும்."

புள்ளியின் மேல் விரலை வைத்து அழுத்தச் சொன்னார். இரண்டு நீளமான எண்கள் வந்தன. படபடவென்று படித்தேன். "இந்த நம்பருக்கு நீங்க கடல்ல நிக்கிறீங்க" என்றார். "மூச்ச விட்டுட்டு, ஒவ்வொன்னா சொல்லுங்க." நடுவில் ஓர் இலக்கத்தை விழுங்கியிருந்தேன். மறுபடி படித்தேன். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார்.

"ஒங்களுக்குப் பக்கத்துல வாய்க்கா இருக்கா? அதுக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைத் தகரக் கூரை?"

இருந்தது. பம்ப்பு வைத்த கொட்டகை போல ஒன்று. அதைப் பார்த்துக்கொண்டே, ஆமாம் ஆமாம் என்று அழுதபடி சொன்னேன்.

அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. வண்டிக்கு இடத்தைச் சொல்லிவிட்டேன் என்றார். உடனே, பேட்டரி அணைவதற்கு முன்னால் என்று, மிச்சத்தையும் வரிசையாகச் சொல்லிவிட்டார். அத்தானுக்குக் குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். அவரைப் பேச வைத்துக்கொண்டே இருங்கள். சைரன் கேட்டதும் ஹாரனை விடாமல் அழுத்துங்கள். யாருக்கும் போன் செய்யாதீர்கள். "போன் செத்துப் போனாலும் நீங்க தனியா இல்ல காக், வண்டி வந்துக்கிட்டு..." அத்தோடு திரை கறுத்துவிட்டது.

காருக்கு ஓடினேன். அத்தானின் கண்கள் வீங்கிப் பாதி மூடியிருந்தன. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன், புது வீட்டுக்கு என்ன வர்ணம் அடித்திருக்கிறார்கள் என்று கூட. அவர் தலையை மட்டும் அசைத்தார். பிறகு அதுவும் குறைந்தது. அக்கா சாமி பெயரைச் சொல்லவே இல்லை, அவர் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

சைரன் கேட்டதும் ஹாரனை அழுத்திய என் கை அதை விட்டு வரவே இல்லை. மருத்துவ உதவியாளர் இறங்கியதும் தொடையில் ஊசி போட்டார், மூச்சுக்கு முகமூடி வைத்தார். கொஞ்ச நேரத்தில் அத்தான் இழுத்து ஒரு நீண்ட மூச்சு விட்டார். அப்படி ஒரு சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. ஓட்டுநர் என்னிடம், இந்தத் தோட்டத்துக்குள் எத்தனையோ முறை சுற்றிச் சுற்றித் தேடியிருக்கிறோம், இன்றைக்கு நேராக உங்கள் காருக்குப் பின்னாலேயே வந்து நின்றோம் என்றார்.

அத்தான் குணமாகி மருத்துவமனைக்குச் சோதனைக்குப் போனபோது நானும் கூடப் போனேன். அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று முகப்பில் கேட்டேன். அழைப்பு எடுப்பவர்கள் இங்கே இல்லை, வேறு ஊரில் இருக்கிறார்கள் என்றார்கள். சேதியையாவது சேர்த்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். முகப்பிலிருந்தவர் எங்கெங்கோ பேசிப் பார்த்துவிட்டு, சிரித்தபடி போனை வைத்தார்.

"ஒங்க அபாங் எப்படி இருக்காருன்னு கேட்டாங்க. அவர் இனிமே ஊசி மருந்தக் கையோட வெச்சிக்கணுமாம், டாக்டர்கிட்ட கேக்கச் சொன்னாங்க." அபாங் என்றால் மலாயில் அண்ணன், அத்தானைத்தான் கேட்டிருக்கிறார். அவ்வளவுதான் அந்தப் பெண்ணின் பதில்.

நான் ரவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வாடிக்கையாளர்களின் புகார் அழைப்புகளை எடுப்பவள். பதறிக்கொண்டு பேசுபவர்களிடம் முன்பெல்லாம் "கவலப்படாதீங்க, கவலப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை; உங்கள் கண்ணுக்கு முன்னால் என்ன தெரிகிறது என்றுதான் முதலில் கேட்கிறேன். பயந்து நிற்கிற ஒருவருக்கு அந்த நிமிடம் அவரால் செய்ய முடிகிற ஒரு சின்ன வேலையைக் கையில் கொடுத்து, அதை முடிக்கும் வரை கூடவே நிற்பது எவ்வளவு பெரிய அன்பு என்பதை, முகம் தெரியாத அந்தப் பெண்ணிடமிருந்துதான் நான் கற்றுக்கொண்டேன்.