பாதியில் மட்டும் சரியாக நின்ற முள்

எழுத்தர் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், கையில் ஒரு படிவத்தோடு படகுப் பட்டறைக்குள் போனபோதுதான் மீட்டரக்காவை முதலில் பார்த்தேன். பார்த்தேன் என்றால், பாதங்களை மட்டும். அக்கா இன்ஜின் அறைக்குள் தலைகுப்புறக் கிடந்தார். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான் என்பதை அவர் கேட்காமலேயே சொல்லிவைத்தேன். அந்த நாட்களில் வழி கேட்பவர்களிடம்கூட அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதங்கள் அசையவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"நல்லது படிச்சவரே. அந்தச் சிவப்பு வயரைக் கொஞ்சம் பிடிங்க."

அன்றிலிருந்து பட்டறை முழுவதற்கும் நான் படிச்சவர்.

அக்காவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. மின்சாரம் அளக்கும் மீட்டரைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார். வெல்டர்கள் வேண்டுமென்றே விரலை நீட்டி, "சுகர் எவ்வளவுன்னு பாருக்கா" என்பார்கள். மூளை இருக்கிற இடத்தைக் காட்டினால் அளக்கலாம், எங்கே என்று தெரியவில்லை என்பார் அக்கா. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். ஆனால் துறைமுக அலுவலகம் வைத்த செய்முறைத் தேர்வில் தேறி, வயரிங் சரி என்று கையெழுத்துப் போடும் உரிமை வாங்கியிருந்தார். அந்தக் கையெழுத்து இல்லாமல் எங்கள் பட்டறையிலிருந்து ஒரு படகும் தண்ணீரில் இறங்காது. என் சான்றிதழை நான் கண்ணாடிச் சட்டத்தில் போட்டிருந்தேன். அவர் அந்தக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கருவிப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். இரண்டும் ஒரே சங்கதிதான் என்று புரிய எனக்குச் சில மாதங்கள் ஆயின.

அப்பா இறந்தபோது அக்காவின் தம்பிக்கு ஒன்பது வயது. அவரை வளர்த்து, படகு ஓட்டும் உரிமம் வாங்க வைத்தவர் அக்காதான். தம்பி பயணிகள் படகு ஒன்றில் பகல் முறை ஓட்டினார். அவருக்குக் கல்யாணமாகி, அதே வீட்டின் மாடி அறையில் குடியிருந்தார். கீழே அக்காவும் அம்மாவும்.

அந்தப் படகுதான் டீசல் மீட்டர் வேலை செய்யவில்லை என்று பட்டறைக்கு வந்தது. அக்கா முறைப்படி தேடினார். மீட்டருக்கு மின்சாரம் வருகிறதா? வந்தது. டேங்கிலிருந்து வரும் வயரைக் கழற்றினால் முள் காலிக்குப் போகிறதா? போனது. அதே வயரை எர்த்தில் தொட்டால் முழுசுக்கு ஏறுகிறதா? ஏறியது. மீட்டரும் நல்லது, வயரும் நல்லது. கெட்டது டேங்குக்குள் இருக்கும் சென்டர். மிதவையும் கம்பியுமாக, டீசல் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று மீட்டருக்குச் சொல்லும் பாகம் அது. துருப்பிடித்துக் கையோடு வந்தது. ஸ்டோர்க்காரர் புதிது ஒன்று எடுத்துக் கொடுத்தார். அதே அளவு, அதே ஐந்து துளை. மாட்டியதும் முள் எழுந்து பாதியில் நின்றது. அளவுக்கோலை டேங்கில் விட்டுப் பார்த்தோம். பாதிதான்.

என் படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன: காலி, பாதி, முழுசு. எங்கள் பட்டறையிலோ ஒரு வழக்கம் உண்டு. கரைக்கு இழுக்கத் தண்டவாளத்தில் ஏற்றும் படகின் டேங்க் பாதிதான் இருக்க வேண்டும். நிரம்பியிருந்தால் இழுக்கும் இயந்திரத்துக்குப் பாரம். காலியாக இருந்தால் உள்ளே வேர்த்துத் தண்ணீர் சேரும். எனவே மற்ற இரண்டு கட்டங்களையும் யாரும் சோதித்ததே இல்லை.

"மூணுலயும் டிக் போடுங்க படிச்சவரே," என்றார் அக்கா. "இத்தனை வருஷமா இப்படித்தான்."

போட்டேன். அவர் கையெழுத்திட்டார். சாட்சியாக நானும் கையெழுத்திட்டேன்.

தண்ணீரில் இறங்கிய மூன்றாம் நாள், பதினெட்டுப் பயணிகளோடு அந்தப் படகு நடுவழியில் நின்றது. இன்ஜின் இருமி அணைந்தது. நீரோட்டம் படகை இழுத்துப்போய்க் கரைத்தடுப்புக் கற்களில் மோதியது. ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது. டேங்கைத் திறந்தால் ஒரு சொட்டு டீசல் இல்லை. முள் முழுசில் நின்றது என்று ஓட்டிவந்த தம்பி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. டீசலை விற்றுவிட்டான் என்று படகுத்துறையில் பேச்சு கிளம்பியது.

உடைந்த படகை எங்கள் பட்டறைக்குத்தான் இழுத்து வந்தார்கள். ஏற்றுவதற்கு முன் வழக்கப்படி டேங்கைப் பாதி நிரப்பினார்கள். விசாரணை அதிகாரி வந்து சாவியைத் திருப்பினார். முள் பாதியில் நின்றது. கோலை விட்டார். பாதி. அக்காவைக் கேட்டார். மீட்டர் சரி என்று அக்கா நிமிர்ந்து நின்று சொன்னார். தம்பியின் உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டு, இறுதி விசாரணை திங்கட்கிழமை என்று சொல்லிப் போனார் அதிகாரி.

அன்று சாயங்காலம் அக்காவின் சைக்கிள் பஞ்சர். கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் அவர் வீடு வரை போனேன். கூடத்தில் அம்மா இருந்தார், தம்பியின் மனைவி இருந்தார். தம்பி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

"கிளம்புறப்ப பாதி. மறுநாள் முக்கால். ராத்திரி முறைக்காரன் ஊத்தியிருப்பான்னு நெனச்சேன். நின்னப்ப முழுசு. சத்தியமா ஏறிக்கிட்டே இருந்துச்சுக்கா."

"என் வயரிங் பொய் சொல்லாது," என்றார் அக்கா. "நீ என்ன பண்ணினேன்னு உண்மையைச் சொல்லு. அப்பா பேரையாவது மிச்சம் வை."

தம்பி எழுந்தார். "ஊர் சொன்னா தொலையுதுன்னு விட்டுடுவேன். நீ சொல்லிட்ட." அவ்வளவுதான். அந்த வாரமே துணிமணிகளைக் கட்டிக்கொண்டு இருவரும் வேறு வீட்டுக்குப் போனார்கள். அம்மா அழுதார். அக்கா அழவில்லை. மறுநாள் வழக்கத்துக்கு முன்னதாகவே வேலைக்கு வந்தார்.

சனிக்கிழமை, விசாரணைக்கான வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்யும் வேலை என்னிடம் வந்தது. ராத்திரி முறை ஓட்டுநரின் வாக்குமூலத்தில் விரல் நின்றது. "நான் டீசல் ஊற்றவில்லை. முள் உயர்ந்திருந்தபடியால் பகல்காரர் ஊற்றியிருப்பார் என்று எண்ணினேன்." இந்த இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம், ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. சேர்ந்து பொய் சொல்லக் கூடியவர்களே இல்லை. அக்காவிடம் போய்ச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் டப்பாவை மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கேட் சாவி என்னிடம் இருந்தது. அக்கா என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னார். பின்னால் டேங்குக்குப் போய் ஐந்து திருகுகளையும் கழற்றி, சென்டரை வெளியே எடுத்து, அதற்கு எர்த் வயர் ஒன்று கொடுத்து, மிதவையைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"எங்க நிக்குது?"

"பாதியில, அக்கா."

"இப்போ?"

"ஏறுது."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. நான் இறக்குறேன்."

"ஏறுதுக்கா. முழுசுக்கு வந்துடுச்சு."

"இப்போ தூக்குறேன்."

முள் காலியை நோக்கிப் படுத்தது.

விஷயம் இவ்வளவுதான். சென்டரில் இரண்டு சாதி உண்டு. டீசல் குறையக் குறைய ஒன்றின் மின்தடை கூடும், மற்றதில் குறையும். மீட்டர் ஒரு சாதி, ஸ்டோர்க்காரர் கொடுத்த சென்டர் இன்னொரு சாதி. பாதி மட்டத்தில் மட்டும் இரண்டின் கணக்கும் ஏறக்குறைய ஒன்று. நாங்கள் பாதியைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை.

நான் பின்னால் போனபோது அக்கா டேங்கின் மேல் உட்கார்ந்திருந்தார். மிதவை இன்னும் கையில் இருந்தது.

"அவன் சரியாத்தான் சொல்லியிருக்கான்," என்றார்.

சரியான சென்டர் அலமாரியில் இருந்தது. பத்து நிமிட வேலை. மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. அது எனக்குத் தோன்றியது. என் கையெழுத்தும் அந்தப் படிவத்தில் இருந்ததால் கொஞ்சம் அழுத்தமாகவே தோன்றியது. ஊரில் என் அம்மா ஆபீஸ் பிள்ளை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா என் முகத்தைப் பார்த்தார். கேட்காமலே புரிந்துகொண்டார்.

"வேண்டாம் படிச்சவரே. அப்படியே மாட்டி வைப்போம். அதிகாரியே கண்ணால பாக்கட்டும்."

திங்கட்கிழமை அக்கா அதிகாரியின் முன்னால் டீசலை வாளி வாளியாக வெளியே எடுத்துக் காட்டினார். டேங்க் வற்ற வற்ற முள் ஏறியது. டிக் போடச் சொன்னது தான்தான் என்றார். போட்டது நான் என்று நானும் சொன்னேன். தம்பி சுவரோரமாக நின்று முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். உரிமத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அக்காவின் பக்கம் திரும்பாமல் வெளியே போனார். அன்றிரவு அவர் வீட்டுக்குப் போன அக்காவுக்குக் கதவைத் திறந்தது தம்பியின் மனைவி. அவர் தூங்கிவிட்டார் என்றார். உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருந்ததாம்.

எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அக்காவின் கையெழுத்து உரிமையைத் துறைமுக அலுவலகம் ரத்து செய்தது. இப்போது எங்கள் பட்டறையில் பாதி மட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு எந்தப் படகையும் இறக்குவதில்லை. மிதவையைக் கையால் தூக்கி, இறக்கிப் பார்க்கிறோம்.

மீட்டரக்கா கடைத்தெருவில் மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டும் ஒரு கடையில் வேலை செய்கிறார். அம்மா அவரோடு இருக்கிறார். தம்பி அதே படகைப் பகல் முறையில் ஓட்டுகிறார். மாதம் ஒருமுறை அம்மாவைப் பார்க்க வருகிறார், அக்கா கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து.