இரண்டாம் தரத்துக்குப் பிறகு

அன்று எங்கள் ஏல மண்டபத்தில் இருந்தவர்கள் மூன்றே பேர். என் தம்பி. தம்பியின் மனைவி. கம்ப்யூட்டர் பழுது பார்க்க வந்த, எல்லோரும் 'ஒயர்' என்று கூப்பிடும் ஆள். நான் அங்கே இல்லை. ஆனால் மூவரையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். மூன்று வாயிலிருந்தும் ஒரே கதைதான் வந்தது. எங்கள் வீட்டில் எதை எதையோ ஏலம் விட்டிருக்கிறோம், பொய்யை விட்டதில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அதற்கு முந்தின ஏலத்தில் ஒரு தலைகுனிவு நேர்ந்துவிட்டது. தம்பி ஒரு தரம், ரெண்டு தரம் என்று கூவி, மூச்சு விடாமல் மூணாம் தரமும் சொல்லிச் சுத்தியலைத் தட்டிவிட்டான். கடைசி வரிசையில் ஒருவர் கை தூக்கியிருந்ததை அவன் பார்க்கவில்லை. "வேண்டியவனுக்கு விட்டுட்டான்!" என்று அந்த மனிதர் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. மூன்று தலைமுறையாக ஏலம் விடும் குடும்பம். இப்படி ஒரு சொல் எங்கள் மேல் விழுந்ததே இல்லை. தம்பி சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கை வைக்க மாட்டான்.

தம்பி மனைவிதான் ஒரு வழி சொன்னாள். கேட்ட விலை, எத்தனையாவது தரம், எல்லாமே பெரிய திரையில் தெரியட்டும். அப்புறம் எவன் வாயைத் திறப்பான் என்றாள். கம்ப்யூட்டரும் புரொஜெக்டரும் மண்டபத்தின் பின்வாசல் பக்கம். கூவுகிற மேடை முன்கோடியில். ஆகவே கம்பியில்லாக் கீபோர்டு வாங்கினார்கள்.

ஏலத்துக்கு முந்தின நாள் மதியம் வரை அந்தக் கீபோர்டு அவளைப் படாத பாடு படுத்தியது. மேடையிலிருந்து ஐயாயிரம் என்று தட்டினால் திரையில் ஐந்நூறு வரும். மறுபடி தட்டினால் ஒன்றுமே வராது. கிட்டே போய்த் தட்டினால் சமர்த்தாக வரும். மேடை ஏறினால் பழைய குருடி.

"திருடன்னு சொன்னாங்க. நாளைக்குக் கணக்குத் தெரியாத திருடன்னு சொல்லப் போறாங்க," என்று பொருமினாள்.

"ஒயரைக் கூப்பிடு," என்றான் தம்பி.

"ஒயர் இல்லாததுக்கு ஒயரா? நல்லா இருக்கு போங்க."

ஒயர் வந்தார். பார்த்தார். சிரித்தார்.

"இத்துனூண்டு ரிசீவரை கம்ப்யூட்டரோட இரும்புப் பெட்டி முதுகுல சொருகி வச்சிருக்கீங்க. எப்படிக்கா சிக்னல் வரும்?"

"வாங்கின அட்டைப்பெட்டியில ரொம்ப தூரம் போகும்னு போட்டிருக்கே?"

"அட்டைப்பெட்டியில என்ன வேணா போடுவான்க்கா."

ரிசீவரை நீளக் கேபிள் ஒன்றில் மாட்டி வெளியே இழுத்தார். பக்கத்திலிருந்த வைஃபை பெட்டியைத் தள்ளி வைத்தார். கீபோர்டுக்குப் புது பேட்டரி போட்டார். அவள் மேடையிலிருந்து தட்டினாள். ஓர் எழுத்து விடாமல் வந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பியது.

"ஒரு ஒத்திகை பாத்துரலாங்க."

தம்பி கூவினான். அவள் தட்டினாள். ஒரு தரம், திரையில் 1. ரெண்டு தரம், திரையில் 2. மூன்றை அழுத்தினாள். வரவில்லை. மறுபடி அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, திடீரென்று, 3333.

திரும்பச் செய்தார்கள். அதே இடத்தில் நின்றது.

"ஏன்யா, என்ன சரி பண்ணினே நீ?" என்று எரிந்து விழுந்தான் தம்பி.

ஒயர் தலையைச் சொறிந்தார். "நடுவுல ஆள் நின்னாத்தாண்ணே இப்படி ஆகும். மனுஷ உடம்புல பாதிக்கு மேல தண்ணி. இந்த அலையைக் குடிச்சிரும்."

"ஆள் எங்கய்யா இருக்கு?"

வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். நல்ல வெயில் வேளை. நடுப்பாதையில் ஈ கூட இல்லை.

"எதுக்கும் தலைக்கு மேல தூக்கிருவோம்," என்றார் ஒயர். ரிசீவரைச் சுவரின் உயரத்தில் ஆணி அடித்து மாட்டினார். மேடையில் கீபோர்டையும் உயரமான ஸ்டூலில் வைத்தார். பிறகு தானே நடுப்பாதையில் கையை வீசி நடந்து காட்டினார். அவள் தட்டத் தட்ட எல்லாம் வந்தது. "பாத்தீங்களா? இனி யார் நடந்தாலும் அலை தலைக்கு மேல போயிரும்."

தம்பி கூவினான். "ரெண்டு தரம்!"

நின்றுவிட்டது.

அவளுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. சும்மா தட்டினால் எல்லாம் வருகிறது. கூவினால்தான் நிற்கிறது. அதுவும் ரெண்டாம் தரம் கூவினால் மட்டும். பரீட்சை பார்க்க அவளே, வாய்க்குள் முனகுவதுபோலச் சொன்னாள்.

"ரெண்டு தரம்..."

மூன்றை அழுத்தினாள். இல்லை.

க்ரீச்...

பாரம் ஏறினால் மரப்பலகை முனகுமே, அந்தச் சத்தம். மண்டபத்தின் தரை சிமெண்டு.

க்ரீச்... க்ரீச்... மேடையருகே தொடங்கிப் பின்வாசலை நோக்கிப் போனது.

கடைசி வரிசையில் நின்றது.

ஒயர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

திரும்பி வந்தது... அவளை நோக்கி...

அவள் விரல் மூன்றின் மேலேயே இருந்தது. எடுக்க முடியவில்லை.

மேடை விளிம்பில் ஓய்ந்தது.

திரையில் 3.

"நாளைக்கு வரேன்க்கா," என்றார் ஒயர். ஸ்க்ரூடிரைவரை எடுக்கக்கூட நிற்கவில்லை. மறுநாளும் வரவில்லை.

ஏலத்தை நிறுத்த வழியில்லை, சனம் கூடிவிட்டது. ஒவ்வொரு ரெண்டாம் தரத்துக்கும் திரை நின்றது. தம்பியும் வாயை மூடிக்கொண்டு காத்து நின்றான். கூட்டத்தின் இரைச்சலில் வேறு எதுவும் கேட்கவில்லை. பெரிய அலமாரி ஒன்றுக்கு அப்படி நின்றபோது, கடைசி வரிசையில் ஓர் அம்மாள் தயங்கித் தயங்கிக் கை தூக்கினார். இந்த முறை தம்பி பார்த்தான். அலமாரி அவருக்கே போனது. போன தடவை சத்தம் போட்ட மனிதர் அடுத்த நாற்காலியில்தான் இருந்தார். "இப்படி நின்னு நிதானமா கேட்டா யாருக்குய்யா மனத்தாங்கல்?" என்று எல்லோரும் கேட்கச் சொன்னார்.

அன்று சாயங்காலம் தம்பி எனக்குப் போன் செய்தான். முழுவதும் கேட்டேன். ஒன்றே ஒன்றுதான் திருப்பிக் கேட்டேன்.

"தலைக்கு மேலதானே மாட்டினீங்க?"

"ஆமாண்ணா. கீழ எவ்வளவு உயரமான ஆள் நடந்தாலும் மறைக்காது."

நான் போனை வைத்துவிட்டேன்.

தம்பி கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு ஏலத்தை நடத்திய சித்தப்பா உட்கார்ந்த இடத்திலிருந்தே கூவினார். ஆகவே இது தம்பிக்குத் தெரியாது. அதுவரை நான் யாரிடமும் சொன்னதும் இல்லை. அப்பா காலத்தில் நடுப்பாதை முழுக்க, மேடையிலிருந்து கடைசி வரிசை வரை, நெஞ்சுயரத்துக்கு ஒரு பலகைப் பாதை இருந்தது. ரெண்டாம் தரம் சொன்னதும் அப்பா அதன்மேல் நடந்து கடைசி வரிசை வரை போவார். நின்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். திரும்பி வந்த பிறகுதான் மூணாம் தரம். அவர் இறந்த வாரமே அந்தப் பலகைகளைக் கழற்றி விற்றுவிட்டோம்.

கீபோர்டுக்கே நீளமாகக் கேபிள் இழுத்துவிட்டால் தொல்லை தீரும் என்று ஒயர் சொல்லி அனுப்பினாராம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் அப்பா அந்தரத்தில் நடக்கிறார் என்று ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. அவர் பலகை மேல்தான் நடக்கிறார்.