தர்மக் கேமரா

அரியலூர் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் மின்னல் ஸ்டூடியோ வைத்திருந்த உத்திராபதியை உட்கார்ந்த நிலையில் கண்டவர்கள் மிகச் சிலரே. பிறரை அசையாமல் உட்கார வைப்பதையே தொழிலாகக் கொண்ட அவர், தாம் மட்டும் ஓரிடத்தில் நின்றதில்லை. வந்தவரின் மோவாயைத் தூக்கிவிட்டு விளக்கைத் திருப்புவார். விளக்கைத் திருப்பியதும் பின்னால் தொங்கும் திரையில் தாஜ்மகால் கோணலாக இருப்பது தெரியும். அதை நிமிர்த்த ஆணி தேடிப் போவார். ஆணியோடு திரும்பும்போது மோவாய் பழைய இடத்துக்கே இறங்கியிருக்கும். இப்படி எடுத்த படங்களில் ஊர்மக்கள் அனைவரும் ஏதோ ஒரு சந்தேகத்தோடு பார்ப்பவர்களாகவே பதிவாகியிருக்கிறார்கள்.

எண்பத்து நாலில் எதிர்வாடையில் ஒரு கலர் ஸ்டூடியோ திறந்தார்கள். கண்ணாடிக் கதவு, உள்ளே சோபா. அதன்பின் உத்திராபதியின் கால் தரையில் பாவவே இல்லை. கறுப்பு வெள்ளைப் படக்காரரான அவரிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பெயர்தான்: உத்திராபதி தாலி கட்டுகிற படத்தைத் தவறவிட மாட்டார். மற்ற படங்களில் தலை போகும், கால் போகும். தாலி கட்டும் நொடி மட்டும் தப்பாது. அந்தப் பெயரும் போய்விட்டால் கடையைப் பூட்டிச் சாவியை எதிர்க்கடையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். இதை அவருக்கு அடிக்கடி நினைவூட்டியவர் மனைவி லீலாவதி. இருட்டறையில் படம் கழுவுவது அவர் என்பதால், கணவரின் பிழைகள் உலகத்துக்குத் தெரியுமுன் அவருக்குத் தெரிந்துவிடும்.

கல்யாண வீட்டுக்கு உத்திராபதி இரண்டு கேமராக்களோடு போவார். இரண்டிலும் ஃபிளாஷ் இருக்கும், ஒன்றில்தான் ஃபிலிம் இருக்கும். ஃபிலிம் இல்லாததற்குத் தர்மக் கேமரா என்று பெயர். “என்னையும் ஒண்ணு புடிப்பா” என்று வேட்டியை இறுக்கிக்கொண்டு வரும் ஒன்றுவிட்ட மாமன்களுக்கும், பந்திக்கு மட்டும் உறவானவர்களுக்கும் அதில்தான் படம். வெளிச்சம் முகத்தில் பட்டதும் மனம் குளிர்ந்து இலைக்குப் போய்விடுவார்கள். பின்னால் வந்து படம் கேட்டால், “கண்ண மூடிட்டீங்களே” என்று சொன்னால் போதும். கேட்டவர் தம்மையே நொந்துகொள்வார். யாருக்கும் செலவில்லாத அறம்.

மீன்சுருட்டியில் செல்லமுத்து என்பவர் தம் மகள் மலர்க்கொடியை ரெட்டிபாளையம் சிமெண்டு பேக்டரியில் வேலை பார்க்கும் அரியமுத்துவுக்குக் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் அசந்துபோக வேண்டும் என்பதற்காக ஜெயங்கொண்டத்திலிருந்து டி.வி.யும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்துப் பந்தலில் வைத்திருந்தார். அசந்துதான் போனார்கள். காலையில் முகூர்த்த நேரத்திலும் பாதிப் பந்தல் மணவறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

உத்திராபதி பெண்ணையும் மாப்பிள்ளையையும் மணையில் வைத்து மூன்று படம் எடுத்தார். அதற்குள் டி.வி.யில் படம் நிற்காமல் மேலே மேலே ஓட ஆரம்பித்தது. ஓடுகிற படத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவரால் முடியுமா? இரண்டு கேமராவையும் மேசைமேல் வைத்துவிட்டு, டி.வி.க்குப் பின்னால் கையை விட்டுக் குமிழைத் திருகினார். படம் நின்றது. பந்தலே கை தட்டியது. தட்டியவர்கள் எல்லாரும் டி.வி.யோடு நின்று ஒரு படம் வேண்டும் என்றார்கள். உத்திராபதி ஒரு கேமராவை எடுத்துத் தாராளமாகத் தர்மம் செய்தார். கெட்டிமேளம் கேட்டதும் மற்றதை எடுத்துக்கொண்டு பாய்ந்து, தாலி கட்டும் நொடியைப் பல கோணங்களில் பிடித்தார். ஃபிலிம் சுற்றுகிறதா இல்லையா என்பது விரலுக்குத் தெரியும். அன்று அந்த விரலின் கவனம் டி.வி. குமிழிலேயே இருந்துவிட்டது.

மறுநாள் லீலாவதி ஈர நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

“மாப்ள எங்கங்க?”

“மணையில இருப்பான், பாரு.”

“மொத மூணுல இருக்காரு. அதுக்கப்புறம் டி.வி.தான் உக்காந்திருக்கு. ஊர்ல உள்ளவன் பூரா அதும்மேல கையப் போட்டுக்கிட்டு நிக்கிறான். இத பாக்குறவன் தாலியே டி.வி.க்குத்தான் கட்டுனாங்கன்னு நெனைப்பான்.”

உத்திராபதி வாசலுக்குப் போனார், உள்ளே வந்தார், மறுபடி வாசலுக்குப் போனார். எதிரே கண்ணாடிக் கதவு மின்னியது. கட்டிய தாலியைப் படத்துக்காக இன்னொரு தரம் கட்டச் சொன்னால் மீன்சுருட்டியிலிருந்து உயிரோடு திரும்ப முடியாது. ஒட்டு வேலை ஒன்றே வழி. மணையில் இருக்கும் படத்தில் மாப்பிள்ளையின் கைகளை வெட்டி எடுத்துவிட்டு, தாலி கட்டுகிற கைகளை ஒட்டி, ஓரத்தைத் தூரிகையால் மெழுகி, அதையே மறுபடி படம் எடுக்க வேண்டும்.

“நீ கொஞ்சம் கழுத்த நீட்டு லீலா.”

“ஒருதரம் நீட்டுனதே போதும்.”

ஆகவே உத்திராபதி கேமரா ஸ்டாண்டின் கழுத்தில் மஞ்சள் கயிற்றைக் கட்டினார். லீலாவதி கேமராவைப் பிடித்துக்கொண்டு, “அசையாதீங்க” என்றார். அந்தச் சொல்லை உத்திராபதி கேட்கிற பக்கத்திலிருந்து கேட்டது அதுவே முதல் தடவை. பல படங்கள் பாழாகி ஒன்று தேறியது. ஒட்டி முடித்துப் பார்த்தபோது மாப்பிள்ளையின் முகத்தைவிடக் கைக்கு வயது கூடுதலாகத் தெரிந்தது. சிமெண்டு வேலை பார்க்கிற கை அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி ஆல்பத்தைக் கொடுத்து அனுப்பினார்கள்.

சில நாளில் செல்லமுத்து ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கடைக்கு வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

“ஒங்க படம் என் மானத்தக் காப்பாத்திருச்சு தம்பி.”

விஷயம் இதுதான். மாப்பிள்ளைக்கு ஒரு வாட்ச் போடுவதாகச் செல்லமுத்து பேசியிருந்தார். அறுப்பு முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தார். மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளையின் அப்பா பூமாலை அந்தப் பேச்சை எடுத்தார். யாரோ அந்த நேரம் பார்த்து ஆல்பத்தைப் பிரித்தார்கள். தாலி கட்டுகிற கையில், பட்டையும் முள்ளும் தெளிவாகத் தெரிய, ஒரு வாட்ச். தாம் போடாத வாட்சைச் செல்லமுத்து கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். கல்யாணப் படத்தை மறுத்துப் பேசுவது மரியாதை அல்ல என்று முடிவு செய்தார்.

“போட்டாச்சே சம்மந்தி. நீங்களே பாருங்க” என்றாராம்.

பூமாலை மகனிடம் திரும்பினார். “எங்கடா வித்த?”

“எனக்குப் போடவே இல்லப்பா.”

“கையில கெடக்குதேடா.”

அன்றிலிருந்து ரெட்டிபாளையத்தில் அரியமுத்து, சீட்டாட்டத்தில் வாட்சை விட்டவன் என்று அறியப்பட்டான்.

இதைக் கேட்டபோதே உத்திராபதியின் இடது கை கால்சட்டைப் பைக்குள் போய்விட்டது. அதன்பின் அவர் ஒற்றைக் கையால் விளக்கைத் திருப்பினார், ஒற்றைக் கையால் மோவாயைத் தூக்கினார். ‘அது என் கை’ என்று சொன்னால் பையன் தப்பிப்பான், கடை போய்விடும். சொல்லாவிட்டால் கடை இருக்கும், சோறுதான் இறங்காது. சொல்லிவிடலாம் என்று ரெட்டிபாளையம் பஸ் ஏறினார். பாதி வழியில் இறங்கித் திரும்பி நடந்தார். மறுநாளும் அப்படியே. கண்டக்டர் அவரைப் பார்த்ததும், “இன்னிக்கு எதுவரைக்கும் சார்?” என்று கேட்கத் தொடங்கினான்.

அவர் போய்ச் சேராத ரெட்டிபாளையம் ஒரு நாள் கடைக்கே வந்தது. அரியமுத்து வாசலில் நின்றுகொண்டான். மலர்க்கொடி உள்ளே வந்து ஆல்பத்தை மேசைமேல் பிரித்தாள்.

“அண்ணே, இது இவரு கை இல்ல.”

“வெளிச்சத்துல அப்படித்தாம்மா…”

“இந்தக் கைக்கு இம்மாம் மயிரு. இவருக்கு மீசையே இப்பதான் வருது.”

“அட, அதச் சொல்லாம இருக்க மாட்டியா?” என்றான் அரியமுத்து வாசலிலிருந்து.

“பையில இருந்து கைய எடுங்கண்ணே” என்றாள்.

கை வெளியே வந்தது. வாட்சும் வந்தது. அரியமுத்து படியேறி வந்து படத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தான். “நான்கூட வித்துட்டு மறந்துட்டனோன்னு நெனைக்க ஆரம்பிச்சிட்டேங்க” என்றான்.

உத்திராபதி சுவரோடு ஒண்டினார். “நானே வந்து ஒங்கப்பாகிட்ட சொல்லிடறேன் தம்பி. கட போனாப் போவுது.”

“சொன்னீங்கன்னா?” என்றாள் மலர்க்கொடி. “எங்கப்பா பொய்யின்னு ஆவும். வாட்ச வாங்கிட்டு வான்னு என்னத் தொரத்துவாங்க. எனக்குத் தாலி கட்டுன படமும் இருக்காது. யாருக்குண்ணே லாபம்? அதக் கழட்டுங்க.”

“இது எங்க கல்யாணத்துல மாமனார் போட்டதும்மா.”

இருட்டறைத் திரைக்குப் பின்னாலிருந்து லீலாவதியின் குரல் வந்தது. “எங்கப்பா போட்டதுதான். குடுங்க. இப்பவும் அது மாமனார் போட்ட வாட்சாத்தான போவுது.”

அரியமுத்துவின் மணிக்கட்டில் அது தொளதொளவென்று தொங்கியது. பட்டையில் இன்னும் ஓர் ஓட்டை போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். போகும்போது மலர்க்கொடி ஆல்பத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் பூமாலையே வந்தார். கையில் அந்தப் படம். எதிர்க்கடையைத் திரும்பியும் பார்க்காமல் நேரே உள்ளே வந்தார். உத்திராபதி எழுந்தார், உட்கார்ந்தார், எழுந்தார்.

“வாட்ச் பெட்டிக்கு அடியில கெடந்துச்சின்னு மருமவ எடுத்தாந்தா. படத்தோட வச்சிப் பாத்தேன். அதே பட்ட, அதே முள்ளு” என்றார் பூமாலை. “படம்னா இது படம். கலர்ல இவ்வளவு வெளக்கமா வருமா?”

“வராதுங்க” என்றார் உத்திராபதி.

“சின்னவனுக்குத் தை மாசம் கல்யாணம் வச்சிருக்கேன். நீங்கதான் வரணும்.” பூமாலை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார். “பொண்ணு வூட்டுல சைக்கிள் போடறதாப் பேச்சு. இழுத்தடிப்பானுவ போல தெரியுது. தாலி கட்டுற படத்துல அதும் தெரியிற மாதிரி எடுத்துருங்க.”

உத்திராபதி இருட்டறைத் திரையின் பக்கம் பார்த்தார். இருட்டறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றிருந்தது.

“முழு சைக்கிளுங்களா,” என்று கேட்டார், “இல்ல, ஹேண்டில்பார் தெரிஞ்சாப் போதுங்களா?”