கூரைமேல் போட்ட பல்

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் அஞ்சாவது வரைதான் படித்தேன், அதிலும் பாதி நாள் களையெடுக்கப் போய்விடுவேன். மறதி வேறு. நேற்று வைத்த கண்ணாடியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசவும் எனக்கு வராது. ஆனால் இந்தப் பல் விஷயம் ஞாபகம் வந்தால் மட்டும் தனியாக உட்கார்ந்து சிரிக்கிறேன். பார்க்கிறவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். எழுதிவிட்டால் தேவலை என்று தோன்றுகிறது.

எண்பத்தி மூணோ நாலோ. ஆத்தூர்ப் பக்கம் எங்கள் வீடு. ஓட்டு வீடு, பின்னால் மாட்டுக்கொட்டகை. வீட்டுக்காரர் வடக்கே பட்டாளத்தில் இருந்தார். வீட்டில் நான், என் மாமியார், ஒன்றரை வயது மகள், மூன்று பேர்தான். பிள்ளையை மூன்று மாதக் குழந்தையாகப் பார்த்துவிட்டுப் போனவர் அவர். அடுத்த லீவு தைப் பொங்கலுக்கு. கடிதத்துக்குக் கடிதம், "பிள்ளைக்குப் பல் எத்தனை இருக்கிறது? நான் வந்ததும் என் விரலைக் கடிக்கச் சொல்" என்று எழுதுவார். துப்பாக்கி பிடிக்கிற மனுசனுக்கு ஆசையைப் பாருங்கள்.

ஆடி மாதம். நடுப்பகல். மாமியார் முற்றின சுரைக்காயை உடைத்து, விதையைக் கழுவி, சொளகில் பரப்பி வீட்டுக்குள் காயவைத்திருந்தார். அவர் விதை என்றால் ஊரில் நாலு பேர் வந்து வாங்கிப் போவார்கள். அந்தப் பெருமை அவருக்கு உண்டு. நான் சுவரில் சாய்ந்துகொண்டு வீட்டுக்காரருக்கு இன்லண்ட் லெட்டர் எழுதிக்கொண்டிருந்தேன். "மேலே முன்னால் ரெண்டு பல் பளிச்சென்று இருக்கிறது, கீழே ரெண்டு" என்று எழுதி முடித்தேன். பேனாவைத் தாளிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. பிள்ளை கோழியை விரட்டிக்கொண்டு ஓடிவந்து, சொளகில் கால்வைத்து வழுக்கி, நிலைப்படியில் வாய் மோத விழுந்தது.

சத்தம் முதலில் வரவில்லை. வாயைத் திறந்தபடியே இருந்தது, மூச்சே இல்லை. பிறகு போட்டது பாருங்கள் ஒரு கூப்பாடு, கோழி கொட்டகை மேல் ஏறிவிட்டது. வாயெல்லாம் ரத்தம். முந்தானையால் துடைத்துப் பார்த்தேன். மேலே ஒரு பல்தான் இருந்தது. இன்னொன்று இருந்த இடம் வெறும் பள்ளம்.

"அத்தே, பல்லு போச்சே!"

மாமியார் தரையில் குனிந்து தேடினார். எங்கே பார்த்தாலும் சிதறின சுரைவிதை. நிலைப்படி ஓரத்தில் ரத்தத்தில் கிடந்த ஒன்றை எடுத்து உயர்த்திக் காட்டினார்.

"இந்தா கெடக்கு! அடியே, வேரோட வந்திருச்சுடி!"

"கழுவிப் பாப்பமா அத்தே?"

"ரத்தம் பட்ட பல்லக் கழுவக் கூடாதுடி. போ, சாணி கொண்டா."

விழுந்த பல்லைச் சாணிக்குள் வைத்து உருட்டிக் கூரைமேல் போடுவது எங்கள் வழக்கம். போட்டால்தான் அடுத்த பல் ஒழுங்காக முளைக்கும். "பெத்தவ நீதான போடணும். போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வா" என்றார். அழுகிற பிள்ளையை அவரிடம் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய் வீசினேன். என் கைக்கு அம்புட்டுத்தான் பலம். ஓட்டின்மேல் உருளுகிற சத்தம் தடதடவென்று கேட்டது. எங்கே போய் நின்றதோ, நான் திரும்பிப் பார்க்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற மருமகள்.

இன்லண்ட் லெட்டர் அப்படியே கிடந்தது. ரெண்டு பல் என்று மையில் எழுதியாகிவிட்டது, அடிக்க மனசு வரவில்லை. கீழே "மற்றபடி எல்லாரும் சுகம்" என்று எழுதி ஒட்டிவிட்டேன். வேரோடு போன பால்பல் இனிமேல் ஆறேழு வயசில்தான் வரும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பொங்கலுக்கு வருகிறவர் பிள்ளையைச் சிரிக்கச் சொல்வாரே, நான் மூஞ்சியை எங்கே வைப்பேன்? நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது விழுந்த பிள்ளை இல்லையா.

மூன்றாம் நாள் ஈறு நீலமாக வீங்கியிருந்தது. "பால்பல்லுதானடி, சரியாப் போகும்" என்றார் மாமியார். எனக்கு அப்போது எங்கிருந்து தைரியம் வந்ததோ, "இல்ல அத்தே, திண்டுக்கல் போறேன்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "நீ போயி யார்கிட்டப் பேசுவ? நானும் வாரேன்."

பல் டாக்டர் சின்ன வயசுக்காரர். பிள்ளை அவர் சட்டைப் பொத்தானில் ஒன்றைப் பிய்த்துவிட்டது. மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயைக் காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்தவர், "விழுந்த பல்ல கொண்டு வந்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாமியார்தான் சொன்னார்: "கூரையில போட்டாச்சு சாமி. சாணி வச்சு."

அவர் ஒரு சின்ன எக்ஸ்ரே படம் எடுத்தார். அது கழுவி வருவதற்குள் பிள்ளை இன்னொரு பொத்தானுக்குக் குறி வைத்தது. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"கூரையில எதப் போட்டீங்க?"

"பல்லத்தான் சாமி."

"பல்லு இங்கதான இருக்கு! அடிபட்ட வேகத்துல மேல ஏறி ஈறுக்குள்ள போயிருச்சு. இந்தா, வெள்ளையாத் தெரியுது பாருங்க."

எனக்குக் கேட்க வாய் வந்துவிட்டது. "எடுக்கணுங்களா டாக்டர்?"

"தொடவே கூடாது. பெரும்பாலும் அதுவா இறங்கி வரும். ரெண்டு மூணு மாசம் ஆகலாம், ஆறு மாசமும் ஆகலாம். வராமப் போனா அப்பப் பாத்துக்குவோம். குழைஞ்ச சோறு, கஞ்சி குடுங்க. ஈறச் சுத்தமான துணியால தொடச்சு விடுங்க. சீழ் வச்சாலோ காய்ச்சல் வந்தாலோ அன்னைக்கே தூக்கிட்டு வாங்க." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "கூரையில போட்டது என்னன்னு தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க."

பஸ் சின்னாளப்பட்டி தாண்டியது. மாமியார் மெதுவாக விரலைத் தன் வாய்க்குள் விட்டார். ஒவ்வொரு பல்லாகத் தடவினார்.

"என்னத்தே செய்றீக?"

"அது பிள்ளை பல்லு இல்லேன்னா யாரு பல்லுடி? வீட்டுல நம்ம ரெண்டு பேருதான இருக்கோம். நீயும் பாரு."

நானும் விரலைவிட்டுப் பார்த்தேன். மாமியாரும் மருமகளும் வாயில் விரலோடு உட்கார்ந்திருக்க, எங்களைப் பார்த்துப் பிள்ளையும் விட்டுக்கொண்டது. கண்டக்டர் ஓடிவந்தார்.

"ஆத்தா, வாந்தியா? சன்னல் பக்கம் போங்க, சன்னல் பக்கம்!"

அங்கே பிடித்தது எனக்குச் சிரிப்பு. முந்தானையை வாயில் அடைத்தும் நிற்கவில்லை. மாமியார் என் தொடையில் கிள்ளினார், கிள்ளின கையோடு அவரும் சிரித்துவிட்டார். செம்பட்டி வரைக்கும் அதே கதைதான். அதுவரைக்கும் நான் அவர் முன்னால் சத்தம் போட்டுச் சிரித்ததே கிடையாது.

பத்து நாள் போயிருக்கும். குளிக்கிற இடத்துக்குப் பின்னால், தண்ணீர் போகிற ஈரத்தில், ஓட்டிலிருந்து உருண்டு விழுந்த சாணி உருண்டையைக் கண்டேன். அதைப் பிளந்துகொண்டு கொழுகொழுவென்று ரெண்டு இலை. ஒரு இலை நுனியில் விதைத்தோடு இன்னும் தொப்பி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே ஓடினேன். "அத்தே, நாம போட்ட பல்லு முளைச்சிருச்சு!"

அவர் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். உடனே பிள்ளையின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்தார். "எங்கடி? காணாமே?"

"வாயில இல்லத்தே. குளிக்கிற எடத்துல."

வந்து பார்த்தார். தன் சுரைவிதையைத் தானே பல்லென்று எடுத்துக் கொடுத்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இடுப்பில் கைவைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "வெளிய சொன்னீனா பாத்துக்க. அப்பறம் எவளும் எங்கிட்ட விதை வாங்க மாட்டா" என்றார். நான் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

பிடுங்க மட்டும் விடவில்லை. பந்தக்கால் நட்டு, கொட்டகைக் கூரைமேல் ஏற்றிவிட்டார். நான் தினமும் ஈரத்துணியை விரலில் சுற்றிப் பிள்ளையின் ஈறைத் துடைப்பேன். துடைக்கும்போது விரலுக்கு ஏதாவது தட்டுப்படுகிறதா என்று பார்ப்பேன். ஆவணி போனது, புரட்டாசி போனது, ஐப்பசி மழையும் வந்தது. கொடி பூத்துப் பிஞ்சு விட்டது, வாயில் ஒன்றும் இல்லை. கூரையில் போட்டது முளைத்துவிட்டதே, வாயில் இருக்கிறது முளைக்கவில்லையே என்று ராத்திரி அடுப்பை அணைக்கும்போது அழுதிருக்கிறேன்.

கார்த்திகையில் ஒரு காலை, துணிக்குள் விரலை ஏதோ நறுக்கென்று கீறியது. பார்த்தால் அரிசிக் குருணை அளவுக்கு வெள்ளை.

"அத்தே! முளைச்சிருச்சு!"

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு கொடிப் பக்கம் ஓடினார். "அதுதான் எப்பவோ முளைச்சிருச்சேடி!"

"இது வாயில அத்தே, வாயில!"

வாளித் தண்ணீர் முழுக்க அவர் காலிலேயே கொட்டிவிட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொட்டகையைச் சுற்றினார், நானும் பின்னாலேயே சுற்றினேன். எதற்குச் சுற்றினோம் என்று கேட்டால் தெரியாது.

அன்றைக்கே வீட்டுக்காரருக்கு எழுதினேன். சந்தோசத்தில் முன்பின் கதையை எழுத மறந்துவிட்டேன். "கூரையில் போட்ட பல் முளைத்துக் காய்த்துவிட்டது, வாயில் இருந்ததும் முளைத்துவிட்டது" என்று மட்டும் போயிருக்கிறது. பதிலுக்கு அவர் அம்மாவுக்குத் தனியாகக் கடிதம் வந்தது. படிக்கத் தெரியாத அவருக்கு நான்தான் படித்துக் காட்டினேன்: "அம்மா, அவளைத் தனியே விடாதே. நான் வருகிறேன்."

பொங்கலுக்கு வந்தார். பிள்ளை மீசையைப் பார்த்து என் பின்னால் ஒளிந்தது. அவர் குத்தவைத்து விரலை நீட்டினார். அது செத்த நேரம் யோசித்துவிட்டு வந்து கடித்தது.

"ஆத்தாடி!" என்று கத்தினார். விரலைப் பார்த்தார். மேலே ரெண்டு, கீழே ரெண்டு, நாலும் பதிந்திருந்தது. நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று மூச்சு விட்டேன். ஆடியிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு.

சாப்பிடும்போது சுரைக்காய்க் கூட்டு வைத்தேன். நன்றாக இருக்கிறது என்று ரெண்டாம் தடவை கேட்டு வாங்கினார். மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நல்லாத் தின்னுப்பா. ஒம் மக பல்லுல காச்சது."

வாயில் போட்ட கவளத்தை அவர் விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. பிறகு மாமியாரே எல்லாக் கதையையும் சொன்னார், விதை எடுத்துக் கொடுத்தது மட்டும் நான் என்று மாற்றிச் சொன்னார். நான் மறுக்கவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

மகளே, இதை முதலில் படிக்கப்போகிறவள் நீதான். எனக்கு இப்போது சந்தேகமாக இருப்பது இதுதான்: உள்ளே போனது வலது பக்கத்துப் பல்லா, இடதா? நான் வலது என்கிறேன், உன் அப்பா இடது என்கிறார். டாக்டர் கொடுத்த படம் டிரங்குப் பெட்டியில் பட்டாளத்துக் கடிதங்களோடு இருக்கும். இந்தத் தடவை வரும்போது எடுத்துப் பார்த்து, வருசத்தையும் சரிபார்த்து, தப்பாக இருந்தால் நீயே திருத்திவிடு. படத்தைத் தலைகீழாகப் பிடித்துவிடாதே.