றெஜி அண்ணாவின் சிவப்புக் கையெழுத்து

பதினொரு வயதில் மூன்று கிழமை நான் ஒரு டிரம் செற்றின் சொந்தக்காரியாக இருந்தேன். இதை இவ்வளவு காலமும் யாருக்கும் சொன்னதில்லை. யாருக்கும் சொல்லக்கூடாது என்பதுதான் அதைத் தருவதாகச் சொன்னவர் போட்ட ஒரே நிபந்தனை.

சண்டை முடிந்து, நாங்கள் அகதி முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய வருசம் அது. ஊர் என்று காட்ட அங்கே வயல் வரம்புகூட மிஞ்சவில்லை, எல்லாம் பற்றைக்காடு. அப்பாவும் அம்மாவும் ஒரு தகரக் கொட்டிலைப் போட்டுக்கொண்டு காடு வெட்டினார்கள். திரும்பத் திறந்த பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் இல்லை. அதனால் அப்பா என்னை மன்னாருக்குக் கூட்டிவந்து, கந்தோர் ஒன்றில் எழுத்து வேலை பார்த்த தன் தங்கையின் வீட்டில் விட்டார். போகும்போது என் தலையைத் தடவினார். "மாமியின்ரை சொல்லுக் கேட்டு இரு" என்றார். பஸ்சுக்கு நேரமாகிவிட்டதென்று தேத்தண்ணீரைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை.

மாமி தனியாள். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பேச்சை அவர் சீனியைப்போலப் பார்த்துப் பார்த்துச் செலவழிப்பார். காலையில் கந்தோருக்குப் போனால் பின்னேரம் ஐந்தரைக்குத்தான் வருவார். "பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கதவைப் பூட்டிப்போட்டு இருந்து படி. ஆர் கூப்பிட்டாலும் திறக்காதை" என்பது அவருடைய கட்டளை. அதைக் கடைப்பிடிப்பது சுலபமாக இருந்தது. ஒருவரும் கூப்பிடவில்லை. என் வகுப்புப் பிள்ளைகள் பெரும்பாலும் பக்கத்துக் கடற்கரைக் குறிச்சியான பள்ளிமுனைக்காரர். ஒருவருக்கொருவர் மச்சாள், சின்னம்மா மகள், ஒரே தேவாலயத்தில் ஒரே கிழமையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அவர்களுக்கு நான் 'முகாம் பிள்ளை'. இரண்டு மணியிலிருந்து ஐந்தரை வரைக்கும் ஜன்னலால் பார்த்தால் வெயில் தெரியும், மணல் தெரியும், மதிலின் நிழலுக்குள் ஒடுங்கி நிற்கும் இரண்டு கழுதைகள் தெரியும். அந்தக் கழுதைகளுக்கு நான் பெயர் வைத்திருந்தேன் என்றால் மிச்சத்தை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

பள்ளிமுனைத் தேவாலயத் திருநாளுக்கு மாமி என்னைக் கூட்டிப்போனார். கந்தோரில் கூட வேலை செய்பவர் வற்புறுத்திக் கூப்பிட்டிருந்தார். பின்னேரம் மைதானத்தில் மேடை போட்டு ஓர் இசைக்குழு பாடியது. எல்லாரும் பாடகரைப் பார்த்தார்கள். நான் அவருக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்தேன். மெலிந்த மனிதர், நெற்றியில் ஒரு கைக்குட்டை கட்டியிருந்தார். அவரைச் சுற்றி டிரம்கள், பித்தளைத் தட்டுகள். நடுவில் இருந்த பெரிய டிரம்மின் வெள்ளை முகத்தில் சிவப்புப் பெயின்ற்றால் 'றெஜி' என்று ஆங்கிலத்தில் தன் கையெழுத்தையே போட்டிருந்தார். முதல் எழுத்தின் வால் பெயர் முழுவதற்கும் கீழால் ஓடிப்போய், முடிவில் சுருண்டு நின்றது. அதற்கு முந்தைய வருசங்களில் பெரிய சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடுவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு மனிதர் பெரிய சத்தத்தைத் தான் நினைத்த இடத்தில் தொடங்கி, நினைத்த இடத்தில் நிறுத்துவதை அன்றுதான் முதல்முறை கண்டேன். நிறுத்திவிட்டு அவர் சிரித்தார்.

அதிலிருந்து எனக்கு வேறு ஆசை இல்லாமல் போயிற்று. டிரம் என்று பொதுவாகச் சொன்னால் போதாது. அந்த டிரம் செற், அந்தச் சிவப்புக் கையெழுத்தோடு. ஆள் இல்லாத வீட்டில் மேசை விளிம்பில், கோடு போடும் இரண்டு அடிமட்டங்களால் அவருடைய அடியை அடித்துப் பழகினேன். கொப்பியின் ஓரமெல்லாம் அந்தக் கையெழுத்தைப் போட்டுப் பார்த்தேன். வகுப்பு ரீச்சர் கொப்பியைக் கண்டு மாமியைக் கூப்பிட்டனுப்பினார். 'றெஜி, றெஜி' என்று முப்பது தரம் எழுதியிருந்ததை மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஆரடி இவன்?"

"டிரம் அடிக்கிறவர்."

"உனக்கென்ன வேணும் அவனிட்டை?"

"டிரம் செற்."

மாமி கண்ணாடியைக் கழற்றினார். பிறகு ரீச்சரிடம், "இது நீங்கள் நினைச்ச வருத்தமில்லை ரீச்சர், வேறை" என்று சொல்லி, என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கப் போன கடையில் கடைக்காரர் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்: "றெஜி செற்றை விக்கப் பாக்கிறானாம். ஆளைக் கொஞ்ச நாளாக் காணேல்லை, காய்ச்சலாம்." பாணை நெஞ்சோடு அணைத்தபடி அப்படியே நின்றேன். அன்றிரவு முழுவதும் ஒரு வசனத்தைப் பாடமாக்கினேன். அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும், மாமியின் கட்டளையை முதல் தடவையாக மீறி, கடைக்காரர் கை காட்டிய வீட்டுக்குப் போனேன். கடற்கரைப் பக்கம் போகும் கடைசி ஒழுங்கையில் இருந்தது. மத்தியானமாக இருந்தும் ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. கதவைத் தட்ட, நீக்கலுக்குள் ஒரு பெண் முகம் தெரிந்தது. றெஜி அண்ணாவின் மனைவி. என்னைவிட அவர் பயந்திருந்தார்.

"ஆர் உன்னை அனுப்பினது?"

"ஒருத்தரும் இல்லை. நான்தான் வந்தனான்." பிறகு பாடமாக்கியதை ஒரே மூச்சில் சொன்னேன். "நான் பெரிசா வந்து உழைச்சு வாங்குமட்டும் அண்ணாவிட்டை டிரம் செற்றை விக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

அந்த அக்கா கதவை முழுதாகத் திறந்தார். அவர் சிரிக்கப் போகிறாரா, அழப் போகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. "அண்ணாவுக்குச் சுகமில்லை, உள்ளுக்குப் படுத்திருக்கிறார்" என்று ஓர் அறையைக் காட்டினார். வாசலில் நீலத் திரை தொங்கியது. முன்னறையில், சேலை போர்த்தி, அது இருந்தது. அக்கா சேலையை எடுத்தார். கையெழுத்து கிட்டத்தில் இன்னும் பெரிதாக இருந்தது.

"அடிக்கத் தெரியுமோ?"

"ஓம்" என்றேன். அடிமட்டமும் மேசையும்தான் என்று சொல்லவில்லை.

ஏறி இருந்த கதிரை உயரம், கால் எட்டவில்லை. கைகளால் மட்டும் அடித்தேன், எனக்குத் தெரிந்த அந்த ஒரே அடியை, மெதுவாக. வீடு முழுவதும் அதிர்ந்தது. நான் பயந்து நிறுத்தவும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"என்ன பிள்ளை, றெஜி எழும்பியிட்டானோ?"

அக்கா என் கையிலிருந்த தடிகளைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி உரத்துச் சொன்னார்: "ஓமக்கா, இப்பதான் எழும்பி இருந்து அடிக்கிறார்."

பிறத்தியாள் ஒருத்தி செற்றைத் தொட்டாள் என்று யாரும் ஏசாதபடி அக்கா என்னைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்தேன். அவர் என் பக்கத்தில் வந்து குந்தினார். "நாளைக்கும் வாறியோ? ஒவ்வொரு நாளும் வந்து கொஞ்ச நேரம் அடி. ஆனா ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது. அப்பிடிச் செய்தால் இந்த செற் உனக்குத்தான்."

இப்போது நான் சொல்லவேண்டியது: றெஜி அண்ணா அந்த அறைக்குள் இல்லை. அதற்குச் சில நாள் முன்னர், இன்னும் பலரோடு ஒரு வள்ளத்தில் ஏறி, அவுஸ்திரேலியாவை நோக்கிக் கடலில் போய்க்கொண்டிருந்தார். போய்ச் சேரும்வரை ஒரு குருவிக்கும் தெரியக்கூடாது, தெரிந்தால் எல்லாரையும் மறித்துத் திருப்பிவிடுவார்கள் என்று ஏற்றிவிட்டவர்கள் சொல்லியிருந்தார்கள். காய்ச்சல் என்ற பொய் எத்தனை நாளுக்குத் தாங்கும் என்று அந்த அக்கா உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்த வேளையில்தான் நான் போய்க் கதவைத் தட்டினேன். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், உலகத்திலேயே பெரிய டிரம்மர் திரைக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு என்னைக் கேட்கிறார் என்பதுதான்.

அவருக்காகவே அடித்தேன். முடித்ததும் திரையைப் பார்த்து, "அண்ணா, சரியோ?" என்று கேட்டேன். அக்கா சற்றுத் தயங்கினார். பிறகு திரையை விலக்கி உள்ளே போய் வந்து, "கொஞ்சம் மெதுவா அடிக்கட்டாம்" என்றார். அடுத்த நாள், "இடது கை பிந்துதாம்." அதற்கடுத்த நாள், "சாப்பிட்டியோ எண்டு கேக்கச் சொன்னார்." நாள் போகப் போக அக்கா உள்ளே நிற்கும் நேரம் கூடிக்கொண்டு வந்தது. நான் கேட்காமலே போய் வருவார். சில வேளை வெளியே வரும்போது முகத்தில் ஒரு சிரிப்பு மிஞ்சியிருக்கும்.

இப்படி ஒரு சந்தோசத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிவது எவ்வளவு தனிமை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வகுப்பில் சொல்ல முடியாது. மாமிக்குச் சொல்ல முடியாது. கழுதைகளுக்குச் சொன்னேன். கடைக்காரர் ஒரு நாள், "றெஜிக்கு என்ன நடந்தது? சின்னப்பிள்ளை மாதிரி அடிக்கிறான். காய்ச்சல் கையிலை இறங்கியிட்டுதாக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். அப்போதும் பாணோடு பேசாமல் நின்றேன். காது மட்டும் சுட்டது.

மூன்றாவது கிழமை, வேலியடியில் யாரோ கூப்பிட அக்கா வெளியே போனார். நான் எழுந்துபோய்த் திரையை விலக்கினேன். அண்ணாவுக்கு வணக்கம் சொல்லவேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன். உள்ளே சுருட்டி வைத்த பாய் இருந்தது. கொடியில் ஆண்கள் சேட் ஒன்று. கதிரை ஒன்றின் முன்னால் ஒரு கோப்பை தேத்தண்ணீர், ஆடை படர்ந்து ஆறிப்போய்.

திரும்பி வந்து கதிரையில் இருந்தேன். என்னை இத்தனை நாளும் ஏமாற்றியிருக்கிறார்கள் என்பது மட்டும் விளங்கியது. அண்ணா கோபித்துக்கொண்டு எங்கோ போய்விட்டார், அக்கா வெட்கத்தில் மறைக்கிறார் என்று நானாகவே ஒரு காரணமும் கண்டுபிடித்தேன். அக்கா வந்ததும் ஒருமுறை அடித்தேன். பிறகு வேண்டுமென்றே, அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"அண்ணா என்ன சொல்லுறார்?"

அக்கா உள்ளே போனார். வெகு நேரம் வரவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தார். "வடிவா அடிக்கிறியாம்" என்றார்.

அப்படியும் நான் போவதை நிறுத்தவில்லை. செற் எனக்குக் கிடைக்கப் போகிறதே. உள்ளே யார் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன என்று நினைத்துக்கொண்டேன்.

நாலைந்து நாள் கழித்து நான் போனபோது கதவு அகலத் திறந்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்து அக்கா உட்பட முற்றத்தில் ஆட்கள். அக்கா ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "அவுஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்திட்டார் பிள்ளை. போன் வந்தது. கரையிலை பிடிச்சு முகாமிலை வைச்சிருக்கினமாம். உயிரோடை இருக்கிறார்."

நான் கேட்ட முதல் கேள்வி, "அப்ப செற்?"

அக்கா என்னைக் கட்டியிருந்த கையை எடுத்தார். ஆட்களுக்குக் கேட்காமல் மெல்லச் சொன்னார். அது அண்ணா போகுமுன்னரே வவுனியாவில் ஓர் இசைக்குழுவுக்கு விற்றாயிற்றாம். வந்து ஏற்றுவதுதான் மிச்சமாம். "எனக்கு வேறை வழி தெரியேல்லையம்மா. குறை நினையாதை."

நான் அவருடைய கையைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கதவைப் பூட்டிவிட்டு, அடிமட்டங்கள் இரண்டையும் முறித்துப் போட்டேன். மாமி வந்து பார்த்தார். என்னவென்று கேட்டார். விழுந்து முறிந்ததென்றேன். புதிதாக ஒன்று வாங்கித் தந்தார்.

ஒரு கிழமை போயிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது படலைக்கு வெளியே, பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மாரிலிருந்து தள்ளி, குடையும் கையுமாக அக்கா நின்றார். மெலிந்துவிட்டிருந்தார். நான் காணாதவள்போல நடந்தேன். பின்னாலேயே வந்தார்.

"நாளைக்குச் செற்றை ஏத்த வருகினம் பிள்ளை. ஒருக்கா வந்து அடிச்சிட்டுப் போறியோ?"

என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெரிய ஆள் என்னிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நின்று திரும்பினேன். அந்தப் பதிலை எங்கிருந்து எடுத்தேனோ தெரியாது.

"இனி என்னத்துக்கு? அண்ணா போயிட்டாரெண்டு ஊருக்கெல்லாம் தெரியுந்தானே. இனி ஆருக்குக் கேக்கவேணும்?"

அக்கா எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "ஓம், அதுவும் சரிதான்" என்றார். குடையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு கடற்கரைப் பக்கமாகப் போனார்.

அடுத்த நாள் வாகனம் எத்தனை மணிக்கு வந்ததென்று தெரியாது. நான் போய்ப் பார்க்கவில்லை. அந்த வருசக் கடைசியில் எங்கள் ஊர்வரைக்கும் பஸ் விடத் தொடங்கினார்கள். இனி வீட்டிலிருந்தே பள்ளிக்கூடம் போய்வரலாமென்று அப்பா வந்து என்னைக் கூட்டிப்போனார். அக்காவும் வீட்டைப் பூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டதாகப் பிறகு மாமி எழுதியிருந்தார். அண்ணா முகாமைவிட்டு வெளியே வந்தாரா, அக்காவைக் கூப்பிட்டாரா, எனக்குத் தெரியவில்லை.

ஆருக்குக் கேட்கவேணும் என்று நான் கேட்டபோது, "எனக்கு" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அன்று எனக்கு அது விளங்கியிருக்காது.